ஒரு பாருக்கு 36 துண்டு, மாசம் 3600 பீஸ். எம்ஆர்பி (பொருள் தேவையைக் கணக்குப் போடற புரோகிராம்) 108 பார் கேக்குது. எங்க தப்பு?

#1 ஓசூர் பிளானர்

32 மிமீ ரவுண்ட் பார், இஎன்8 ஸ்டீல், 6 மீட்டர் நீளம். பீஸ் நீளம் 160, பேண்ட்சா வெட்டு 3, ஆக ஒரு துண்டுக்கு 163 மிமீ. கடைசி 100 மிமீ வைஸ்ல பிடிக்க வேணும், அது வீண். 5900-ஐ 163-ஆல வகுத்தா 36.19. அதாவது 36 துண்டு.

பிஓஎம்-ல (ஒரு பீஸுக்கு என்ன பொருள் எவ்வளவு வேணும்ங்கற பட்டியல்) 1 பீஸுக்கு 0.03 பார்னு நிக்குது. 1/36-க்கு 0.0278 அடிச்சா தானா 0.03 ஆயிடுது. மாசம் 3600 பீஸ், ஒர்க் ஆர்டர் 200 பீஸ் வீதம் 18. கையிருப்பு பூஜ்யம். வாங்க வேண்டியது 100 பார், ஆனா எம்ஆர்பி 108 காட்டுது. ஒரு பார் சுமார் 37.9 கிலோ, 8 பார்னா 303 கிலோ கூடுதல். சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தவங்க "டெசிமல் கூட்டிக்கலாம்"னு மட்டும் சொல்றாங்க. கூட்டினா சரியாகுமா?

#2 பிஓஎம் மேஸ்திரி

டெசிமல் கூட்டறதுக்கு முன்னாடி ஒரு சோதனை பண்ணுங்க. உங்க 108 ரெண்டு வழியில வரலாம். ரெண்டுமே 108-லதான் முடியும், அதனால ரிப்போர்ட்டைப் பாத்து காரணம் சொல்ல முடியாது.

முதல் வழி: பிஓஎம்-லயே 0.03 ஆயிடுச்சு. 3600 × 0.03 = 108.

ரெண்டாவது வழி: பிஓஎம் சரியா 1/36-தான். ஆனா ஒவ்வொரு ஒர்க் ஆர்டரும் தனித்தனியா மேல முழுசாக்குது. 200 ÷ 36 = 5.556, அது 6 ஆகுது. 18 × 6 = 108.

வேடிக்கை என்னன்னா 200 × 0.03-உம் 6.00-தான். ஆர்டர் வாரியா பிரிச்சுப் பாத்தாலும் ரெண்டும் ஒரே மாதிரி தெரியும். 36 பீஸுக்கு ஒரு டம்மி ஒர்க் ஆர்டர் போடுங்க. 1.08 வந்தா பிஓஎம்-ல தப்பு. 1 வந்தா அடுத்து 37 போட்டுப் பாருங்க. அது 2-னு வந்தா ஆர்டர் மட்டத்துல முழுசாக்குது. 36-க்கே 2 காட்டினா ரெண்டு தப்பும் சேந்து இருக்கு.

#3 ஓசூர் பிளானர்

போட்டுப் பாத்தேன். 36-க்கு 2 காட்டுது.

#4 பிஓஎம் மேஸ்திரி

அப்போ ரெண்டும் இருக்கு. 1.08 வந்து, அதை 2-ஆ முழுசாக்கிருக்கு. ஒண்ணை மட்டும் சரி பண்ணிட்டு 108 மாறலையேன்னு தலையைப் பிச்சுக்கற கேஸ் இதுதான்.

முதல்ல பிஓஎம். 1 பீஸுக்கு எழுதாதீங்க. அடிப்படை அளவு 36 பீஸ், கீழே பார் 1. அவ்வளவுதான். பின்னமே கிடையாது. சாஃப்ட்வேர் தேவையைக் கணக்குப் போடும்போது 3600 ÷ 36 × 1 பண்ணும், 100 வரும். இந்தக் கட்டம் எல்லா சாஃப்ட்வேர்லயும் உண்டு: எஸ்ஏபி-ல பிஓஎம் தலைப்புல பேஸ் குவான்டிட்டினு இருக்கு. ஓடூ-லயும் இஆர்பிநெக்ஸ்ட்லயும் பிஓஎம் மேல இருக்கற குவான்டிட்டி கட்டம். டேலில பிஓஎம் திரையில "யூனிட் ஆஃப் மேனுஃபேக்சர்"னு கேக்கும், அதுல 36 போடணும். எல்லாரும் அந்தக் கட்டத்தை 1-லயே விட்டுட்டுப் போறதுதான் பாதி பிரச்சனை.

டெசிமல் கூட்டறது ஏன் தீர்வு இல்லைன்னு பாருங்க:

0.0278 × 3600 = 100.08, முழுசாக்கினா 101.
0.027778 × 3600 = 100.0008, அப்பவும் 101.

1/36 எத்தனை இலக்கம் போட்டாலும் முடியாது. கடைசி இலக்கத்தை மேல ஏத்தி எழுதற வரைக்கும் நூறைத் தாண்டிட்டேதான் இருக்கும். கீழ இறக்கி 0.027-னு எழுதினா 97.2, அதாவது 98 பார். ரெண்டு பார் குறையும், 72 பீஸ் அம்போ.

#5 சிப்காட் ஸ்டோர்ஸ்

இதுக்கு ஏன் இவ்வளவு சுத்து? பாரோட யூனிட்டை மில்லிமீட்டர் ஆக்கிடுங்க. 1 பார் = 6000 மிமீ. பீஸுக்கு 166.667 மிமீ, வீண் நீளமும் அதுக்குள்ளயே வந்துடும். அதே 32 பார்ல 145 நீள பீஸும் வெட்டறாங்கன்னா (148-க்கு 39 துண்டு) அதுக்கு 153.846. ரெண்டு பார்ட்டுக்கும் ஒரே மெட்டீரியல், ஒரே யூனிட். துண்டுக் கணக்கு தேவையே இல்லை.

#6 கோட் எழுதுறவன்

@சிப்காட் ஸ்டோர்ஸ் அண்ணா, கால்குலேட்டரை எடுங்க. 166.667 × 3600 = 600001.2 மிமீ. 6000-ஆல வகுத்தா 100.0002. மேல முழுசாக்கினா 101 பார். ஒண்ணே கால் மில்லிமீட்டருக்காக ஆறு மீட்டர் பார் வாங்கச் சொல்லும்.

யூனிட்டைச் சின்னதாக்கினா பிழை சின்னதாகுது, போகலை. மேல முழுசாக்கற கட்டளைக்குப் பிழை பெருசா சின்னதான்னு கவலை கிடையாது. பூஜ்யத்துக்கு மேல இருந்தா போதும், ஒண்ணைக் கூட்டிடும்.

இன்னொண்ணு. டெசிமலே முடிஞ்ச எண்ணா இருந்தாலும் கம்ப்யூட்டருக்குள்ள அப்படி இருக்கறதில்லை. பைத்தான்ல 0.07-ஐ 100-ஆல பெருக்குங்க. 7 வராது, 7.000000000000001 வரும். அதை சீல் பண்ணினா (மேல முழுசாக்கினா) 8. யாராவது ஸ்கிரிப்ட் எழுதி பர்ச்சேஸ் அளவு எடுக்கறீங்கன்னா இதைப் பாத்துக்குங்க. நேரா சீல் பண்ணாதீங்க, முதல்ல ஒரு சின்ன அளவைக் கழிச்சுட்டு சீல் பண்ணுங்க.

#7 சிப்காட் ஸ்டோர்ஸ்

சரி தம்பி, கணக்கு ஒத்துக்கறேன். ஆனா ஸ்டோர்ல நிக்கறவனுக்கு 36-க்கு 1-னு எழுதறது எப்படி உதவும்? பேக்ஃப்ளஷ் (பீஸ் முடிஞ்சதும் சிஸ்டமே ஸ்டாக்கைக் கழிக்கறது) ஆனப்புறம் ஸ்டாக் 98.611 பார்னு காட்டும். ரேக்குல 98 முழு பாரும் ஒரு துண்டும் இருக்கும். அந்தத் துண்டை எப்படி எண்ணுவீங்க?

#8 பிஓஎம் மேஸ்திரி

டேப்பை வெச்சு அளந்து 6000-ஆல வகுக்கக் கூடாது. அங்கதான் எல்லாரும் மாட்டறாங்க.

100 பார் இருந்துச்சு, 50 பீஸ் வெட்டியாச்சு. ஒரு முழு பார் (36) போச்சு, ரெண்டாவது பார்ல 14 துண்டு போச்சு. சிஸ்டம் 50/36 = 1.389 கழிச்சு 98.611 காட்டும். இப்போ துண்டு பார் நீளம் 6000 − 14 × 163 = 3718 மிமீ. இதை 6000-ஆல வகுத்தா 0.620. சிஸ்டம்ல 0.611. வித்தியாசம் வந்துடுச்சுன்னு ஸ்டாக் அட்ஜஸ்ட்மென்ட் போடுவாங்க. உண்மைல வித்தியாசமே இல்லை. வைஸ்ல பிடிக்கற 100 மிமீ இன்னும் அந்தத் துண்டுல ஒட்டிட்டு இருக்கு, சிஸ்டம் அதை 36 பீஸுக்கும் பங்கு போட்டுக் கொஞ்சம் கொஞ்சமா கழிச்சுட்டு வருது.

துண்டை எண்ணற முறை: நீளத்துல 100 கழிங்க, 163-ஆல வகுங்க, தசமத்தை வெட்டி விடுங்க. (3718 − 100) ÷ 163 = 22.19, அதாவது 22 பீஸ் வரும். 22/36 = 0.611. சிஸ்டத்தோட ஒத்துப் போகும். துண்டு பார் மேல பெயின்ட் மார்க்கர்ல "22"னு எழுதி வெச்சுட்டா ஸ்டாக் எடுக்கற நாள்ல டேப்பே வேண்டாம்.

263-க்குக் கீழ (163 + 100) வந்த துண்டை ஸ்டாக்ல வெக்காதீங்க, ஸ்கிராப் தொட்டிக்கு.

#9 காவேரிப்பட்டினம் கூழ்

பாருக்குச் சொன்னது எல்லாத்துக்கும் பொருந்தாது, அதைச் சொல்லிட்டுப் போறேன். இங்க மாங்கூழ். 1000 கிலோ பேட்ச்சை 215 கிலோ டிரம்ல அடைச்சா 4.651 டிரம். நாலு டிரம்ல 860 கிலோ, மீதி 140 கிலோ அஞ்சாவது டிரம்ல. டிரம்முக்குள்ள போடற அசெப்டிக் (கிருமி நீக்கின) பையை ஒரு தடவை நிரப்பி மூடினா மூடினதுதான். நாளைக்கு அடுத்த பேட்ச்சை அதே பைல ஊத்தி நிரப்ப முடியாது. அல்போன்சா ரகம் முடிஞ்சு பெங்களூரா ரகம் ஓட்டறப்ப சொல்லவே வேண்டாம். அதனால பைக்கு ஒவ்வொரு பேட்ச்சுலயும் மேல முழுசாக்கணும், 5 பை. பர்ச்சேஸ்ல கடைசியா முழுசாக்கினா சீசன் நடுவுல பை தீந்துடும். 1000 கிலோ பேட்ச் 20 ஓட்டினா, மொத்தமா வகுத்தா 93.02, அதாவது 94 பை. உண்மைல போறது 100.

அதே லைன்ல அட்டைப் பெட்டி டேப்பு. பெட்டிக்கு 90 செமீ, 65 மீட்டர் ரோல். இது பார் மாதிரிதான், மீதி ரோல் நாளைக்கும் ஓடும். பேட்ச் வாரியா முழுசாக்கினா அபத்தம்.

ஆக கேள்வி பின்னமா முழுசான்னு இல்லை. மீதியை அடுத்த ஆர்டருக்குப் பயன்படுத்த முடியுமா? முடியும்னா பின்னத்தை அப்படியே ஓட விட்டு, வாங்கும்போது மட்டும் முழுசாக்கு. முடியாதுன்னா ஆர்டர்லயே முழுசாக்கு.

#10 பிஓஎம் மேஸ்திரி

#9 சொன்னதுதான் இந்த இழையோட உயிர். ஒவ்வொரு பொருளுக்கும் இந்தக் கேள்வியைக் கேட்டு மாஸ்டர்ல தனித்தனியா வெக்கணும். இஆர்பிநெக்ஸ்ட்ல யூனிட்டுக்கு "மஸ்ட் பி ஹோல் நம்பர்"னு ஒரு டிக் இருக்கு. அது பொருளுக்கு இல்லை, யூனிட்டுக்கு. நோஸ்-ல (எண்ணிக்கை யூனிட்) அந்த டிக்கை எடுத்துட்டா போல்ட்டு, பேரிங் எல்லாத்துக்கும் 0.4 நோஸ் வாங்கற கூத்து நடக்கும். அதனால நோஸைத் தொடாம "பார்"னு புது யூனிட் உருவாக்கி அதுல டிக் இல்லாம வையுங்க. அசெப்டிக் பைக்கு நோஸ், டிக்கோட. ஓடூ-வோட பல வெர்ஷன்கள்லயும் ரவுண்டிங் யூனிட்லதான் இருக்கு. பிஓஎம் பிரிக்கும்போது யூனிட்டோட ரவுண்டிங்குக்கு மேல் நோக்கி முழுசாக்கும். 0.01 இருந்தா 0.01-க்கு, 1 இருந்தா முழு எண்ணுக்கு. பாருக்குத் தனி யூனிட், ரவுண்டிங் 0.001.

ஓசூர் பிளானர், உங்களுக்கு ரெண்டாவது தப்பு இங்கதான். பாரோட யூனிட் நோஸ்-ஆ இருக்கணும்.

#11 ஓசூர் பிளானர்

ஆமா, நோஸ்தான். அடிப்படை அளவு 36 போட்டு, பார்னு புது யூனிட்டும் போட்டேன். மூணு இலக்கம். இப்போ ஒவ்வொரு ஆர்டருக்கும் 5.556 வருது. ஆனா மொத்தம் 101 பார்!

#12 கோட் எழுதுறவன்

5.556 × 18 = 100.008. ஒவ்வொரு ஆர்டரும் மூணு இலக்கத்துக்கு மேல ஏத்தினதுல 0.0004 கூடுச்சு, பதினெட்டு தடவை.

#13 பாலக்கோடு பர்ச்சேஸ்

ஒரு பார்தானே, போகட்டும். ஸ்டாக்ல நிக்கும், அடுத்த மாசம் தானா கழியும். இதுக்குப் போய்…

#14 ஓசூர் பிளானர்

போகட்டும்னு விட முடியல. சப்ளையர் கட்டாத்தான் கொடுப்பார், ஒரு கட்டு 25 பார். மடங்கு 25-னு மாஸ்டர்ல இருக்கு. 100.008-க்கு 125 கேக்குது.

#15 பாலக்கோடு பர்ச்சேஸ்

சரி, வாபஸ். 25 பார் சும்மா நிக்கறது நல்லாயில்லை.

#16 கோட் எழுதுறவன்

இதுக்கு டாலரன்ஸ் வெக்கணும். எவ்வளவுன்னு இஷ்டத்துக்குப் போடக் கூடாது. ரெண்டு எல்லைக்கு நடுவுல இருக்கணும்.

கீழ் எல்லை: சேரக்கூடிய பிழை. மூணு இலக்கத்துக்கு மேல ஏத்தும்போது ஒரு ஆர்டருக்கு 0.001-க்கு உள்ளதான் கூடும், 18 ஆர்டருக்கு அதிகபட்சம் 0.018. உங்களுக்கு வந்தது 0.008.

மேல் எல்லை: ஒரே ஒரு பீஸோட தேவை, 1/36 = 0.0278. டாலரன்ஸ் இதைத் தாண்டினா உண்மையான ஒரு பீஸ் தேவையையே விழுங்கிடும்.

0.02 வையுங்க. 100.008 − 0.02 = 99.988. 25 மடங்குக்கு ஏத்தினா 100. யாராவது 3601 பீஸ் கேட்டா 100.0278 − 0.02 = 100.0078, அது 125 ஆகும். அது நியாயமான 125, ஒரு பீஸுக்கு நிஜமாவே பார் வேணும்.

எக்செல்ல எடுத்துப் போடறவங்க: =சீலிங்(அளவு−0.02, 25). "முதல்ல ரவுண்ட் பண்ணி அப்புறம் ஏத்து"னு சிலர் சொல்வாங்க. 100.008-ஐ ரெண்டு இலக்கத்துக்கு ரவுண்ட் பண்ணினா 100.01, திரும்பவும் 125. கழிக்கறதுதான் சுத்தம்.

ஆர்டர் எண்ணிக்கை கூடினா கீழ் எல்லையும் ஏறும். மாசம் 30 ஆர்டர் ஆச்சுன்னா 0.030, மேல் எல்லையைத் தாண்டிடும். அப்போ யூனிட் இலக்கத்தை மூணுல இருந்து நாலாக்கணும். டெசிமல் கூட்டறது இங்க உதவும். #4-ல மேஸ்திரி வேண்டாம்னது பிஓஎம்-ல, ஆர்டர் அளவுக்கு இல்லை.

#17 தர்மபுரி காஸ்டிங்

எடையையும் பாத்துக்குங்க. பார் இன்வாய்ஸ் கிலோவில வரும். 32 மிமீக்கு 32 × 32 ÷ 162 = 6.32 கிலோ மீட்டருக்கு, ஆறு மீட்டருக்கு 37.9. இதையே மாற்று விகிதமா வெச்சு கிலோவைப் பாராக்கினா, 100 பார் 3812 கிலோ வந்த அன்னைக்கு ஸ்டாக் 100.58 பார்னு ஏறும். ஒவ்வொரு லாரிக்கும் ஒரு தசம வால். ஜிஆர்என்-ல (சரக்கு வரவுச் சீட்டு) பார் எண்ணிக்கையை எண்ணிப் போடுங்க, விலையை மட்டும் கிலோவில கணக்குப் பண்ணுங்க. எஸ்ஏபி-ல ஆர்டர் யூனிட்டும் ஆர்டர் பிரைஸ் யூனிட்டும் தனித்தனியா வெக்க முடியும்.

காஸ்ட் பக்கமா ஒண்ணு. சிலர் பின்னம் தொல்லைன்னு 24 பீஸ் போற பெட்டிக்கு 1/24-க்குப் பதில் 1 போட்டுடறாங்க. பெட்டி 30 ரூபாய்னா பீஸுக்கு 1.25 வரணும், 30 ஏறும். கொட்டேஷன்ல அப்படியே போயிடும், ஆர்டர் கிடைக்காம போனப்புறம்தான் தெரியும்.

#18 மெயின்டனன்ஸ் ராஜா

சிஎன்எம்ஜி இன்செர்ட்டையும் (லேத் டூல்ல மாட்டற வெட்டு முனை) பிஓஎம்-ல போடச் சொல்றாங்க. நாலு முனை, முனைக்கு 120 பீஸ், இன்செர்ட்டுக்கு 480. பீஸுக்கு 0.00208. இதை எப்படி?

#19 பிஓஎம் மேஸ்திரி

போடாதீங்க. முனை 120 பீஸ் ஓடறதும் 70-ல உடையறதும் மெட்டீரியல் கடினத்தைப் பொறுத்தது, பீஸ் எண்ணிக்கையை மட்டும் இல்லை. பிஓஎம்-ல போட்டா பேக்ஃப்ளஷ் ஒரு கணக்கு சொல்லும், டப்பா ஒரு கணக்கு சொல்லும், மாசக் கடைசியில ரெண்டையும் ஒத்துப் பாக்க ஒருத்தர் உக்காரணும். ரெண்டு டப்பா முறை போதும். ஒரு டப்பால 10 வரும். ஒரு டப்பா தீந்ததும் கார்டு பர்ச்சேஸுக்குப் போகணும், ரெண்டாவது டப்பாவைத் திறந்துக்கணும்.

#20 தர்மபுரி காஸ்டிங்

காஸ்ட்டுக்கு வேணுமே?

#21 பிஓஎம் மேஸ்திரி

மெஷின் மணி ரேட்டுல போகட்டும். மாசம் எவ்வளவு இன்செர்ட்டுக்குச் செலவாச்சு, எத்தனை மணி ஓடுச்சு, வகுத்துக்குங்க. திரெட் லாக்கர் (போல்ட் கழலாம இருக்கப் போடற பசை) மாதிரி அளந்து போடறதா இருந்தா மட்டும் பிஓஎம்-ல போடலாம். அதையும் பாட்டில்ல எழுதாதீங்க. போல்ட்டுக்கு 0.1 மில்லி, 250 மில்லி பாட்டில்னா 0.0004 பாட்டில். இஆர்பிநெக்ஸ்ட் ஃப்ளோட் பிரிசிஷன் (தசம இலக்க எண்ணிக்கை) வழக்கமா 3, அதுல 0.000 ஆயிடும். தேவையே இல்லாத மாதிரி காணாம போகும். டேலில யூனிட்டுக்கு அதிகபட்சம் 4 தசம இடம், தப்பிக்கும், ஆனா 0.00004-னா அங்கயும் போச்சு. மில்லிலிட்டர் யூனிட், 1000 போல்ட்டுக்கு 100 மில்லி.

#22 பர்கூர் அசெம்பிளி

எங்க கேஸ் வேற. கியர்பாக்ஸுக்கு ஒரு ஷிம் (இடைவெளியை நிரப்பற மெல்லிய தகடு). தடிமன் மூணு வகை, எது பொருந்தும்னு அளந்து பாத்தாத்தான் தெரியும். பழைய கணக்குப்படி 50, 30, 20 சதவீதம். பிஓஎம்-ல 0.5, 0.3, 0.2. ஆர்டர் ஒவ்வொண்ணும் 1 கியர்பாக்ஸ். மூணு ஷிம்மும் வாங்கச் சொல்லுது.

#23 கோட் எழுதுறவன்

ஆர்டர் மட்டத்துல மேல முழுசாக்கினா 0.5 → 1, 0.3 → 1, 0.2 → 1. நூறு கியர்பாக்ஸுக்கு 300 ஷிம், போறது 100. இது பின்னமே இல்லை, வாய்ப்பு. எந்த ஆர்டர்லயும் 0.3 ஷிம் போகப் போறதில்லை.

இந்த மூணுக்கும் ஒரு தனி யூனிட் (ரவுண்டிங் இல்லாதது), தேவை பின்னமாவே ஓடட்டும், மாசத் தொகைல 50, 30, 20 வரும். இஷ்யூ மட்டும் பேக்ஃப்ளஷ் வேண்டாம். அசெம்பிளி ஆள் எந்த ஷிம் போட்டாரோ அதை 1-னு கையால பதியணும். எஸ்ஏபி-ல மாற்றுப் பொருள் குழுவுல பயன்பாட்டு வாய்ப்பு சதவீதம் போடலாம், அது இதுக்காகவே இருக்கு. 50, 30, 20-க்கு மேல பாதுகாப்பு இருப்பு வையுங்க, சராசரி சரியா இருந்தாலும் ஒரே வாரத்துல 20 சதவீத வகை எட்டு தடவை வரலாம்.

#24 காவேரிப்பட்டினம் கூழ்

இழை பாருக்குன்னு ஆரம்பிச்சது, மாங்காய்ல முடிச்சுக்கறேன். கழிவு சதவீதத்தை எங்க போடறீங்கன்னு பாத்துக்குங்க. பழத்துல இருந்து 55 சதவீதம் கூழ் வருதுன்னு வெச்சுக்குவோம். 1000 கிலோ கூழுக்கு 1000 ÷ 0.55 = 1818 கிலோ பழம். ஆனா தோல், கொட்டை போக 45 சதவீதம் கழிவுன்னு எஸ்ஏபி காம்பொனன்ட் ஸ்கிராப்ல 45 போட்டா, அது 1.45-ஆல பெருக்கும், 1450 கிலோ. டன்னுக்கு 368 கிலோ பழம் குறையும். அந்தக் கட்டத்துல 1818 வரணும்னா 81.82 போடணும், எவனுக்கும் படிச்சா புரியாது. அதனால ஸ்கிராப் கட்டத்தைப் பூஜ்யமா விட்டுட்டு, அடிப்படை அளவு 55 கிலோ கூழ், பழம் 100 கிலோன்னு எழுதறது நல்லது. யீல்ட் மாறினா 55-ஐ மட்டும் மாத்தினா போதும், பாக்கறவனுக்கும் புரியும்.

ரெண்டு சதவீதத்துல இந்த வித்தியாசம் தெரியாது. 1000-க்கு 1020, இல்லைன்னா 1020.4. நாப்பத்தஞ்சுல தெரியும்.

கான்சன்ட்ரேட்டுக்கு நிலையான பிஓஎம்-ஐ நம்பாதீங்க. 28 பிரிக்ஸ் (சர்க்கரைச் செறிவு அளவு) 1000 கிலோ வேணும்னா, 15 பிரிக்ஸ் கூழ் 28/15 × 1000 = 1867 கிலோ. அன்னைக்கு வந்த பழம் 14 பிரிக்ஸ்னா 2000 கிலோ. 133 கிலோ வித்தியாசம் தசம இலக்கத்துல இல்லை, பழத்துல இருக்கு. லேப் ரீடிங் வந்தப்புறம் ஆர்டர்ல அளவைத் திருத்துங்க, பிஓஎம்-ஐ இல்லை.

#25 சிப்காட் ஸ்டோர்ஸ்

போல்ட்டுக்கும் 2 சதவீதம் ஸ்கிராப் போட்டிருக்காங்க. 4 போல்ட்டுக்கு 4.08. ஆர்டர் 1 அசெம்பிளின்னா 5 போல்ட் இஷ்யூ வருது. என்ன பண்ண?

#26 பிஓஎம் மேஸ்திரி

ஸ்கிராப்பை எடுத்துடுங்க. போல்ட்டுக்குப் பாதுகாப்பு இருப்பு போதும், பொட்டலத்துல வாங்கறதுதானே.

#27 ஓசூர் பிளானர்

அடிப்படை அளவு 36, யூனிட் பார், மூணு இலக்கம், பர்ச்சேஸ் ப்ரொபோசல்ல 0.02 கழிச்சு 25-க்கு ஏத்தினேன். 100 பார், நாலு கட்டு. 3601-க்கும் ஓட்டிப் பாத்தேன், 125 காட்டுது. 145 நீள பீஸுக்கு அடிப்படை அளவு 39. அதுக்கு டாலரன்ஸ் எவ்வளவு? ஒரு பீஸ் 1/39 = 0.0256. 0.02 போதுமா?

#28 கோட் எழுதுறவன்

ரெண்டு பார்ட்டும் ஒரே பாரைப் பகிர்ந்துக்கறதால ரெண்டோட ஆர்டரையும் சேத்து எண்ணுங்க. மொத்தம் 18 + 6 = 24 ஆர்டர்னா பிழை 0.024 வரை போகலாம். மேல் எல்லை ரெண்டுல சின்னது, 0.0256. இடைவெளி ரொம்ப குறைவு. பார் யூனிட்டை நாலு இலக்கமாக்கிடுங்க. பிழை 0.0024 ஆயிடும், அப்புறம் 0.02-யே ரெண்டுக்கும் ஓடும்.